பழைய மில்லிங் மெஷின் மக்கர் செய்தால்: ஸ்பானருக்கு முன் ஆயிலைப் பாருங்கள்

சேலத்துப் பட்டறைகள் பலவற்றுக்கு இன்றைக்கும் சோறு போடுவது, சுற்றும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின்தான். விசைத்தறி ஸ்பேர், ஜவ்வரிசி ஆலை ஷாஃப்டில் கீவே என்னும் காடி, லாரி வேலை என்று எதைக் கட்டினாலும் வெட்டும். 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் எஃப்என் 2 வரிசையோ, 1961-ல் தொடங்கிய பிஎஃப்டபிள்யூவின் மெஷினோ, ஏலத்தில் வந்த வெளிநாட்டு மெஷினோ, வார்ப்பிரும்பு இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் வேலை அல்ல. கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றுவதும், போக வேண்டிய இடத்துக்கு ஆயில் போகிறதா என்று பார்க்காமல் விடுவதும்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம். ஹெட்டைப் பிரித்துப் பேரிங் மாற்றிய பிறகு, 'ஆயில் கிளாஸில் தெரிந்தது ஆயிலே இல்லை, கறை' என்று கண்டுபிடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மெயின் ஸ்விட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினில் ஸ்டார்ட்டர் பட்டனை நம்பக் கூடாது.

பிறகு ஆயில் கிளாஸ். பல வருடம் ஒரே மட்டத்தில் ஆயில் நின்ற கண்ணாடியில் உள்பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு ஒட்டியிருக்கும். அதன் மேல் விளிம்பு, ஆயில் மட்டம் போலவே நேர்கோடாகத் தெரியும். கியர்பாக்ஸ் காலியாக இருந்தாலும் 'பாதி இருக்கு' என்று காட்டும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் கால் லிட்டர் ஊற்றுங்கள். கோடு அசைந்தால் அது ஆயில், அசையாவிட்டால் கறை. கறை என்றால் கண்ணாடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது வாஷர் போட்டு மாட்டுங்கள்.

மட்டம் பார்க்கும்போது மெஷின் நின்று 15 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஓடி நின்ற உடனே பார்த்தால் ஆயில் பாதி மேலே கியர்களில் ஒட்டியிருக்கும், குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சும்.

மூன்றாவதாக, உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்பது. டிரெயின் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி அரை டம்ளர் பிடியுங்கள். கருகருவென்று இருந்தால் யாரோ வண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை என்றால் லாரி டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஈபி 90. வெளிர் மஞ்சளாகத் தெளிந்து இருந்தால் பாதிக் கவலை போயிற்று.

## எந்த இடத்துக்கு எந்த ஆயில்

மெஷின் மேல் பதித்த பிளேட்டில் எழுதியதுதான் சட்டம். ஆனால் ஆயிலின் தடிப்பைச் சொல்ல நாம் இன்று டின்னில் பார்க்கும் ஐஎஸ்ஓ விஜி எண்முறை 1975-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய மெஷின்களின் பிளேட்டில் வேறு அளவுகள் இருக்கும். அமெரிக்க மெஷினில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இத்தனை சேபோல்ட் செகண்ட் என்றிருக்கும்: 150 என்றால் விஜி 32, 215 என்றால் 46, 315 என்றால் 68, 465 என்றால் 100, 1000 என்றால் 220. ஜெர்மன் மெஷினிலும் அதன் வழிவந்த நம்மூர் மெஷினிலும் 50 டிகிரி செல்சியஸில் இத்தனை எங்ளர் என்றிருக்கும்: 3 என்றால் சுமாராக விஜி 32, 4 என்றால் 46, 6 என்றால் 68. பிளேட் தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால் நடுத்தர அளவு மில்லிங் மெஷினுக்குக் கீழே சொல்வதை வைத்துத் தொடங்கலாம்.

கியர்பாக்ஸ், ஃபீட் பாக்ஸ்: விஜி 68 சர்க்குலேட்டிங் அல்லது ஹைட்ராலிக் ஆயில். சர்வோசிஸ்டம் 68, என்க்ளோ 68, ஹைஸ்பின் ஏடபிள்யூஎஸ் 68, மொபில் டிடிஇ ஹெவி மீடியம் எல்லாம் இந்த வகை.

வேலையைக் கட்டும் டேபிள், அதைத் தாங்கும் சேடில், இரண்டையும் சுமந்து ஏறி இறங்கும் 'நீ' ஆகியவற்றின் ஸ்லைடுகளுக்கு, அதாவது உரசி நகரும் பரப்புகளுக்கு: விஜி 68 ஸ்லைடுவே ஆயில். வாக்ட்ரா நம்பர் 2, மேக்னா பிடி 68 போன்றவை. செங்குத்தாக நிற்கும் ஸ்லைடு பெரியதாக இருந்து ஆயில் வழிந்து ஓடினால் அதற்கு மட்டும் விஜி 220.

கட்டரைப் பிடித்து வேகமாகச் சுற்றும், ஆயில் சொட்டும் கப் வைத்த ஸ்பிண்டிலுக்கு: விஜி 10 அல்லது 22 ஸ்பிண்டில் ஆயில். கிரீஸ் பேரிங் என்றால் லித்தியம் நம்பர் 2 கிரீஸ்.

கடையில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: "ஹைட்ராலிக்கும் அறுபத்தெட்டு, ஸ்லைடுவேயும் அறுபத்தெட்டு தானுங்களே, இதையே ஊத்திக்கங்க." எண் சொல்வது தடிப்பை மட்டும். ஸ்லைடுவே ஆயிலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பிசுக்கும், மெதுவாக நகரும்போது திக்காமல் இருக்கச் செய்யும் சேர்மானமும் இருக்கிறது. ஹைட்ராலிக் ஆயிலில் அது கிடையாது. இரண்டு டின் தனித்தனியாக வாங்குங்கள். மூடியில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

இன்ஜின் ஆயில் ஏன் ஆகாது? அது அழுக்கைப் படியவிடாமல் மிதக்கவைக்கச் செய்த ஆயில். வண்டியில் அதை வடிகட்ட ஃபில்டர் உண்டு. பழைய மில்லிங் மெஷினில் பெரும்பாலும் ஒரு கம்பி வலைதான் இருக்கும். அழுக்கு அடியில் படிய வேண்டிய இடத்தில் பேரிங்குக்குப் போய்ச் சேரும். ஈபி 90-ல் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கல புஷ்ஷையும் வெண்கல வார்ம் வீலையும் அரிக்கும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், ஒரே நாளில் எதுவும் கெட்டுவிடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: மெதுவான ஃபீடில் டேபிள் விட்டு விட்டு நகர்கிறது

வெட்டிய பரப்பில் ஒரே சீரான இடைவெளியில் கோடு கோடாகத் தெரியும். கையால் திருப்பினால் ஹேண்டில் ஒரு கணம் கனத்து, சட்டென்று விடும்.

லாக் தளர்ந்திருக்கிறதா? சேடிலில் டேபிள் லாக் இரண்டு இருக்கும். ஒன்றை மறந்து பாதி இறுக்கத்தில் விட்டிருப்பது மிகச் சாதாரணம். இதற்குச் செலவு பத்து விநாடி.

ஸ்லைடில் ஆயில் இருக்கிறதா? டேபிளை ஒரு கோடிக்குக் கொண்டுபோய், வெளியே தெரியும் ஸ்லைடை வெள்ளைத் துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். துணியில் மெல்லிய, சீரான ஆயில் படலம் வர வேண்டும். ஒரு பட்டை மட்டும் காய்ந்து இருந்தால் அந்தப் பக்கத்து ஆயில் துளை அடைத்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் பசை போல வந்தால் தூசியும் ஆயிலும் சேர்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்புக்கரடு ஓரத்தில், மேக்னசைட் லாரி போகும் சாலையை ஒட்டிய பட்டறைகளில் இது சீக்கிரம் சேரும். அங்கே மெஷின் மேல் தார்ப்பாய் போடாமல் இரவு விடுவது ஸ்லைடுக்கு நாமே கல் மாவு தூவுவது போல.

ஆயில் சரியான ஆயில்தானா? ஸ்லைடை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் ஸ்லைடுவே ஆயிலைக் கையால் தடவுங்கள். டேபிளை முழு நீளத்துக்குப் பத்து முறை போக வர ஓட்டுங்கள். திக்கல் போய்விட்டால் குற்றம் ஆயிலுடையது. ஆயில் பாத்திரத்தில் இருக்கும் ஹைட்ராலிக் ஆயிலை எடுத்துவிட்டு ஸ்லைடுவே ஆயில் ஊற்றுங்கள், முடிந்தது.

துடைக்கிற துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் பனியன் வேஸ்ட்தான் வழக்கம். கை துடைக்க அது நல்லது. ஸ்லைடுக்கும் ஆயில் தொட்டிக்கும் வேண்டாம். அதிலிருந்து பிரியும் நூல் இழை ஸ்லைடின் ஆயில் கால்வாயில் போய்ச் சுருண்டு, ஆயிலை அங்கேயே நிறுத்திவிடும். பம்ப் ஆயிலை உறிஞ்சும் முனையில் இருக்கும் சக்ஷன் வலையைக் கழற்றிப் பார்த்தால் கம்பளிப் பூச்சி போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் இந்த நூல்தான். இழை பிரியாத பழைய வேட்டித் துணி போதும். ஏர் கன்னும் கூடாது. வெட்டி விழுந்த இரும்புச் சிப்பை அது, ஸ்லைடைத் துடைக்கும் வைப்பருக்கு அடியில் தள்ளிவிடும்.

ஆயில் நிப்பிளில் கிரீஸ் அடித்திருக்கிறார்களா? பழைய மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. குண்டு வைத்த சின்ன நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன் எடுப்பது பழக்கதோஷம். கிரீஸ் உள்ளே போய், துளை வளைகிற இடத்தில் உட்கார்ந்து, காலப்போக்கில் மெழுகாக இறுகும். அதன் பிறகு எந்த ஆயிலும் போகாது. நிப்பிளைக் கழற்றி, துளையில் மண்ணெண்ணெய் நிரப்பி ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மெல்லிய கம்பியால் குடைந்து, ஆயில் கன்னால் விஜி 32 ஆயிலை அழுத்துங்கள். எதிர்முனையில் முதலில் கருப்பாகவும் பிறகு தெளிவாகவும் வரும்வரை விடக் கூடாது. கம்பி எங்கேயோ முட்டி நின்று, மூன்று நாள் ஊறியும் வழி விடவில்லை என்றால் டேபிளை இறக்கத்தான் வேண்டும். அதற்குச் செயின் பிளாக்கும் இரண்டு ஆளும் வேண்டும்; டேபிளைத் தனியாக இழுக்காதீர்கள்.

கிப் இறுக்கம். ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் நீளத் தகடுதான் கிப். சாய்வுக் கிப்பில் இரு முனையிலும் ஸ்க்ரூ இருக்கும். ஒன்றைத் தளர்த்தினால்தான் மற்றொன்று தள்ளும். ஹேண்டில் சற்றுக் கனக்கும்வரை இறுக்கி, பிறகு கால் சுற்றுக்குள் பின்வாங்குங்கள். 0.04 மி.மீ. ஃபீலர் கேஜ் தாள் நுழையக் கூடாது, கை சீராகத் திருப்ப வேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே வர வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: நடுவில் கிப்பைச் சரியாக வைத்தால் டேபிள் இரு கோடியிலும் இறுகுகிறது, கோடிக்குச் சரியாக வைத்தால் நடுவில் ஆடுகிறது. இது ஸ்லைடு நடுவில் தேய்ந்ததன் கையெழுத்து. எந்த ஆயிலாலும் இது தீராது. ஸ்லைடைக் கையால் சுரண்டிச் சமன் செய்யும் ஸ்கிரேப்பிங் தெரிந்த ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். கிரைண்டிங் வீலை வைத்து யாராவது 'தட்டையாக்கித் தரேன்' என்றால் மெஷினைத் தொடவிடாதீர்கள்.

## அறிகுறி: ஒன்-ஷாட் பம்பை இழுத்தாலும் ஸ்லைடு காய்ந்தே இருக்கிறது

ஒரே இழுப்பில் எல்லா ஸ்லைடுக்கும் ஆயில் அனுப்பும் கைப்பம்ப் இது. ஹேண்டிலை இழுத்துவிட்டு அது திரும்புவதைக் கவனியுங்கள். அது திரும்பும் வேகமே விடை சொல்லும்.

*உடனே திரும்பிவிட்டால்:* தொட்டி காலி, அல்லது லைனில் காற்று, அல்லது எங்கேயோ குழாய் கழன்றிருக்கிறது. தொட்டியை நிரப்பி, பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள். அப்போதும் உடனே திரும்பினால் சேடிலுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். நைலான் குழாய் என்றால் சூட்டில் முறுகி உடைந்திருக்கும். செப்புக் குழாய் என்றால் ஃபெரூல் அருகே விரிசல் விட்டிருக்கும்.

*நெடுநேரம் திரும்பாமலே நின்றால்:* அடைப்பு. பம்பின் அடியில் உள்ள ஃபெல்ட் ஃபில்டர் முதல் சந்தேகம். அது சரியென்றால் பம்பிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றி இழுத்துப் பாருங்கள். இப்போது திரும்பினால் அடைப்பு அதற்கு அப்பால்.

*மெதுவாகச் சீராகத் திரும்புகிறது, ஆனால் ஒரு ஸ்லைடு மட்டும் காய்கிறது என்றால்:* அந்த ஸ்லைடின் அளவு ஜெட் அடைத்திருக்கிறது. அதைக் கழுவிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். உள்ளே மிகச் சிறிய வலையும் வால்வும் இருக்கின்றன, கழுவினால் கெடும். மேலே பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதியது போடுங்கள். வேறு எண் போட்டால் ஒரு ஸ்லைடு குளிக்கும், இன்னொன்று காயும்.

## அறிகுறி: ஓடும்போது மேல் கண்ணாடியில் ஆயில் ஓட்டம் தெரியவில்லை

மெஷினின் நிமிர்ந்த உடம்பான 'காலம்' (column) என்பதில் மேலே சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். அது மட்டம் காட்ட அல்ல. பம்ப் ஆயிலை ஏற்றுகிறதா என்று காட்ட. மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் அதில் ஆயில் ஒழுகவோ சொட்டவோ வேண்டும். வரவில்லையென்றால் அணையுங்கள். 'கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்' என்பது இந்த ஒரு அறிகுறிக்குக் கூடவே கூடாது. மேல் கியர்களும் ஸ்பிண்டில் பேரிங்கும் அந்த ஆயிலை நம்பியே இருக்கின்றன.

முதலில் கீழ் மட்டம். மேலே சொன்ன கறை ஏமாற்றுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, பலரும் நினைக்காதது: மூன்று ஃபேஸில் இரண்டு மாறியிருக்கிறதா? லைனில் வேலை நடந்த மறுநாளோ, மெஷினை இடம் மாற்றிக் கட்டிய அன்றோ இந்தக் கோளாறு தொடங்கியது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் கியர் வகைப் பம்ப் ஆயிலை உறிஞ்சாது. மோட்டார் மூடியில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ஸ்பிண்டிலின் திசை மாறியிருப்பதும் காட்டிக்கொடுக்கும். மோட்டாரையே திருப்பி ஸ்பிண்டில் திசை மாற்றும் மெஷின்களில் பெரும்பாலும் பிளஞ்சர் பம்ப் வைத்திருப்பார்கள், அது இரு பக்கமும் வேலை செய்யும். ஃபேஸ் மாற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. பட்டறைப் பையனை ஏணியில் ஏற்றாதீர்கள்.

ஃபேஸ் சரி என்றால் சக்ஷன் வலை. ஆயிலை வடித்து, வலையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்று அடியுங்கள். கண்ணாடியில் ஆயிலோடு குமிழியும் வந்தால் சக்ஷன் குழாய் யூனியன் தளர்ந்து காற்று இழுக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் ஓட்டம் இல்லையென்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது. அதைப் பிரிக்க மெக்கானிக் வேண்டும்.

குளிர்காலக் காலையில் மட்டும் ஓட்டம் தாமதமாகி, அரை மணி நேரத்தில் சரியாகிறதா? விஜி 68 ஆயில் 20 டிகிரியில் 40 டிகிரியில் இருப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருக்கும். சேலத்தில் மார்கழியிலும் இது பெரிய தொல்லை தராது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் மெஷினுக்குத் தரும். அங்கே பிளேட் அனுமதித்தால் விஜி 46 போடலாம். குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டும் தொடங்கலாம்.

## அறிகுறி: ஸ்பிண்டில் பக்கம் சுடுகிறது

கையை வைத்து நிதானமாக எடுக்க முடிந்தால் 50 டிகிரிக்குள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லையென்றால் 60-ஐத் தாண்டியிருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும்; ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

வெட்டு இல்லாமல் நடு வேகத்தில் 30 நிமிடம் ஓட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். பட்டறைச் சூட்டுக்கு மேல் 30 டிகிரிக்குள் ஏறி நின்றுவிட்டால் கோளாறு இல்லை. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள்ளேயே 38 இருக்கும்போது ஹெட் 65 காட்டுவது இயல்பு. 70-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள்.

ஹாரிசான்டல் மெஷின் என்றால் முதலில் எது சுடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஸ்பிண்டில் மூக்கா, கட்டர் கோத்த தண்டின் மறுமுனையைத் தாங்கும் ஆர்பர் சப்போர்ட்டா? சப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் வெண்கல புஷ். அதற்கு எந்தப் பம்பும் ஆயில் தராது; மேலே உள்ள கப்பில் நாம்தான் மணிக்கு நாலைந்து சொட்டு விட வேண்டும். ஸ்பிண்டிலைக் குறை சொல்லிப் பிரிக்கும் பல மெஷின்களில் உண்மையில் காய்ந்து கிடப்பது இந்த புஷ்.

ஸ்பிண்டில் மூக்குதான் சுடுகிறது என்றால்: ஆயில் மட்டம் பாதிக் கண்ணாடிக்கு மேலா? வடியுங்கள். நிறைந்த ஆயிலைக் கியர் கடைந்துகொண்டே இருந்தால் சூடாகாமல் என்ன செய்யும். ஆயில் விஜி 68-ஐவிடத் தடித்ததா? மாற்றுங்கள். பெல்ட் இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி போல இருக்கிறதா? நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவு இறங்க வேண்டும். கிரீஸ் பேரிங் உள்ள வெர்டிகல் ஹெட் என்றால், சமீபத்தில் யாராவது கிரீஸ் கன்னால் நிறைய அடித்தார்களா? பேரிங் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்க வேண்டும். மிஞ்சியது வெளியேற, குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு தானாக இறங்கும். நிறம் வேறு, பிராண்டு வேறு என்று கிரீஸைக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து தண்ணீராகிப் போவதுண்டு.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பேரிங் புதிதாகப் போட்ட பிறகு சூடு தொடங்கியிருந்தால், அல்லது சூட்டோடு கரகரப்பும் இருந்தால். பேரிங்கின் முன் இறுக்கத்தை (பிரிலோட்) மாற்றுவது டயல் கேஜ் வைத்துச் செய்யும் வேலை. நட்டை அரைச் சுற்று கூடுதலாகத் திருகினால் புதுப் பேரிங் ஒரே நாளில் நீலம் பூத்துவிடும்.

## அறிகுறி: கியர்பாக்ஸ் ஆயில் பால் போல இருக்கிறது

முதலில் நுரையா, தண்ணீரா என்று பிரியுங்கள். மெஷினை நிறுத்தி 15 நிமிடம் விடுங்கள். தெளிந்துவிட்டால் அது நுரை: மட்டம் அதிகம், அல்லது சக்ஷனில் காற்று, அல்லது இன்ஜின் ஆயில் கலந்திருக்கிறது. தெளியாமல் வெளுத்தே இருந்தால் தண்ணீர், அல்லது வெட்டும் இடத்தைக் குளிர்விக்க விடும் கூலண்ட்.

கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். நல்ல ஆயிலில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். இன்ஜின் ஆயிலில் பிரியாது. சந்தேகம் என்றால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகச் சூடாக்கிய இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் உறுதி. தாளிக்கும்போது கடுகு பொரிவது போல அந்தச் சத்தம் இருக்கும்.

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் ஆயிலை மாற்றிப் பயனில்லை. டேபிள் ஓரக் கால்வாயில் சிப் அடைத்து, கூலண்ட் பொங்கி நீ மேல் வழிவதுதான் மிக வாடிக்கையான காரணம். வடிகால் வலையைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது மூடியின் கேஸ்கெட். பிறகு ஆயில் ஊற்றும் துளையின் மூடி. பழைய மெஷின்களில் அந்த மூடி தொலைந்து துணி அடைத்திருப்பார்கள். ஐப்பசி மழையில் ஓட்டுக் கூரை ஒழுகினால் போதும். கடைசியாக ஷாஃப்ட் ஆயில் சீல்.

வழியை அடைத்த பிறகு, மெஷினை ஓட்டிச் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். கொள்ளளவில் பாதிக்கு விஜி 32 ஆயில் ஊற்றி, மிகக் குறைந்த வேகத்தில் வெட்டு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி அதையும் வடியுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓட்டிக் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கியரும் பேரிங்கும் வெறும் இரும்பாக உரசும். பிறகு புது விஜி 68. இந்த முதல் நிரப்பலை 200 மணி நேரத்தில் மாற்றுங்கள், அடுத்து வருடம் ஒருமுறை போதும்.

## அறிகுறி: கியர் சத்தம், கியர் விழ மறுக்கிறது

டிரெயின் பிளக்கை வெள்ளைக் காகிதத்தின் மேல் துடையுங்கள். காந்த பிளக் என்றால் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது வயதுக்கு ஏற்ற தேய்மானம், கவலை வேண்டாம். ஊசி போன்ற சிலாம்பு என்றால் கியர் பல் உடைகிறது. மஞ்சள் பொடி என்றால் வெண்கலம்: புஷ், ஷிஃப்டர் ஃபோர்க், அல்லது வார்ம் வீல். சிலாம்போ மஞ்சளோ தெரிந்தால் ஆயிலை மாற்றி மூடிவைத்து ஓட்டாதீர்கள். மேல் மூடியைத் திறந்து பார்க்க மெக்கானிக்கை அழையுங்கள்.

பொடி எதுவும் இல்லாமல் காலையில் மட்டும் கியர் விழவில்லையென்றால் ஆயில் தடிப்பு அதிகம். மதியத்துக்கு மேல் மட்டும் சத்தம் கூடினால் ஆயில் மெலிந்திருக்கிறது. பழைய ஆயிலோ, யாரோ கலந்த டீசலோ காரணம். எப்போதும் சத்தம் என்றால் ஆயிலைத் தடித்ததாக மாற்றிச் சத்தத்தை மறைக்கும் யோசனை வரும். விஜி 100 வரை பிளேட் அனுமதித்தால் சரி. அதைத் தாண்டினால் சத்தம் குறையும், தேய்மானம் குறையாது.

## அறிகுறி: தரையில் ஆயில்

ஸ்லைடில் விட்ட ஆயில் வழிந்து சொட்டுவது இந்த மெஷின்களின் இயல்பு. அது திரும்பி வருவதற்கான ஆயில் அல்ல. ஒரு இரவு அட்டை விரித்து, காலையில் எந்த இடத்தில் சொட்டு என்று குறியுங்கள். ஸ்லைடுக்கு நேர் கீழே என்றால் விட்டுவிடுங்கள். காலத்தின் அடியில் என்றால் மட்டம் அதிகமா, டிரெயின் பிளக் வாஷர் நசுங்கியதா, மூடி கேஸ்கெட் முறிந்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஷாஃப்டைச் சுற்றிக் கசிந்தால் சீல். பழைய சீலில் 45-65-10 என்பது போல எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மி.மீ. கணக்கில். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து கொண்டுபோங்கள். ஷாஃப்டில் சீல் உதடு பள்ளம் போட்டிருந்தால் புது சீலும் கசியும்; அதை டர்னரிடம் காட்ட வேண்டும்.

## அறிகுறி: ஹேண்டிலில் வெறும் சுற்று அதிகம்

ஆயில் இதற்கு மருந்தல்ல. டயல் கேஜ் வைத்து, டேபிள் அசையாமல் ஹேண்டில் எவ்வளவு சுற்றுகிறது என்று அளந்து, நட்டில் சரிசெய்யும் ஸ்க்ரூ இருந்தால் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் வெண்கல நட் மாற்ற வேண்டும். டேபிளை நகர்த்தும் லீடு ஸ்க்ரூவுக்கு ஸ்லைடுவே ஆயில்தான். கிரீஸ் போட்டால் சிப் அதில் ஒட்டி ஸ்க்ரூவையே அரைக்கும்.

## அறிகுறி: காலையில் டேபிளில் துரு

கூலண்ட் தண்ணீராகிவிட்டது. கரையும் கட்டிங் ஆயில் ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் என்பது பொது அளவு. டின்னில் வேறு சொல்லியிருந்தால் அதுவே. தண்ணீரில் ஆயிலை ஊற்றிக் கலக்க வேண்டும். ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் தயிர் திரிந்தது போல ஆகிவிடும். போர் தண்ணீரின் உப்பு இன்னொரு எதிரி. அதில் கலந்த கூலண்ட் சீக்கிரம் பிரியும், மேலே சோப்பு நுரை மாதிரி மிதக்கும். வாய்ப்பு இருந்தால் மேட்டூர்த் தண்ணீர் வரும் குழாயில் பிடியுங்கள். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகும் என்பதால் குறையும்போது வெறும் தண்ணீரோ வெறும் ஆயிலோ சேர்க்காமல், 1-க்கு 40 என்ற இளம் கலவையைச் சேர்க்கலாம்.

ஸ்லைடு ஆயில் கூலண்டில் மிதந்து மூடிக்கொண்டால் வாடை வரும். திங்கட்கிழமை பம்ப் போடும் முன், ஞாயிறு முழுக்க அமைதியாக நின்ற தொட்டியில் மேலே மிதப்பதை அட்டையால் வழித்தெடுங்கள். பம்ப் ஓடிய பிறகு வழிக்க முடியாது, கலந்துவிடும்.

சனிக்கிழமை கடைசி வேலையாக வைஸைக் கழற்றித் தூக்குங்கள். துரு அதிகம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல, வைஸின் அடியிலும் டி-ஸ்லாட்டிலும் தேங்கிய கூலண்டில். துடைத்து, ஸ்லைடுவே ஆயிலை விரலால் மெல்லியதாகத் தடவி, அதன் பிறகு வைஸை வையுங்கள்.